இரண்டு விரல்

விடிகாலை நாலு மணி, பாசிர் ரிஸ்.
மழை இப்போதுதான் விட்டிருக்கிறது.
கோப்பி ஓ என்று யாரோ பெயர் வைத்த குதிரையின்
முன்னங்காலருகே குந்தி
கணுவின் பின்பக்கப் பள்ளத்தில்
இரண்டு விரலை வைக்கிறேன்.

நல்ல குதிரைக்கு இந்த இடத்தில்
நாடி லேசில் அகப்படாது.
தேடித் தேடி, நம் விரலின் துடிப்பையே
அதனுடையது என்று நம்பி ஏமாறுவோம்.
இன்று தேட வேண்டியிருக்கவில்லை.
கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல் தட்டுகிறது.

புறங்கையால் குளம்பைத் தொட்டால் சூடு.
இந்த ஊரில் எதுதான் சூடில்லை என்பான் ஹைருல்.
அதனால் தூணைத் தொடுகிறேன், வாளியை,
என் கன்னத்தை,
பிறகு மறுபடி குளம்பை.
வலது, இடதைவிடச் சூடு.

ஆனால் நிற்கிற விதம்தான் எல்லாவற்றுக்கும் முன்னே சொன்னது.
முன்னங்கால்களை நீட்டிப் போட்டு
பாரத்தைப் பின்னால் தள்ளி,
பேருந்து திடீரென்று பிரேக் போடுமென
தெரிந்தவர் நிற்பதுபோல் நின்றது.
திரும்பச் சொன்னால் யோசித்தது.
சிமெண்டுத் தரையைப் பார்த்ததும்
வேண்டாம் என்றது.

உள்ளே, எலும்பைக் குளம்புச் சுவரோடு
பிடித்து வைத்திருக்கும் மெல்லிய மடிப்புகள்.
அவை கைவிட்டால் எலும்பு இறங்கிவிடும்.
லாமினைட்டிஸ் என்று பலகையில் எழுதி
கேள்விக்குறியும் போட்டார் டாக்டர் நூர்ஹயாத்தி.
இரண்டு வாரம் பெய்த மழையில்
வேலியோரப் புல் தித்திப்பேறிக் கிடந்தது.
ஞாயிறுதோறும் சியூ லிங் ஆப்பிள் கொண்டுவந்தாள்,
பாவம், அன்பாகத்தான்.
சர்க்கரை, இன்சுலின்:
இந்த இரண்டு சொல்லையும்
என் பெயர் போட்ட தாளில் படித்திருக்கிறேன்.

பாலிகிளினிக்கில் தாதி
ஒரு நைலான் நூலை எடுத்தார்.
"கண்ண மூடுங்க அங்கிள், தொட்டா சொல்லுங்க."
மூடிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தேன்.
திறந்தபோது அவர் எழுதி முடித்திருந்தார்.
போன மாதம் பூட்ஸுக்குள் ஓர் ஆணி.
காலையிலிருந்து அதோடுதான் நடந்திருக்கிறேன்.
மாலையில் சாக்ஸ்தான் சொன்னது.

இதற்கோ ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிகிறது.

மீன் அங்காடியிலிருந்து உடைத்த ஐஸ்.
முன்னங்கால் இரண்டும் ஐஸில்,
இரவும் பகலும், மாற்றி மாற்றி.
காய்ந்த புல்லை ஊறவைத்துச் சர்க்கரையை இறக்கினால்
தண்ணீர் தே ஓ நிறத்தில் வடிகிறது.
மரத்தூளை முழங்கால் ஆழத்துக்குக் கொட்டினோம்.
இனிமேல் உன் பெயர் கோப்பி ஓ கொசோங் என்றேன் அதனிடம்.
சீனியில்லாமல்.
கடையில் நானும் அதைத்தான் கேட்கிறேன்,
கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் கோபத்தோடு.

மூன்றாம் நாள் விடியலில்
வைத்த விரலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.
கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே.
ஒன்றுமில்லை.
சந்தோஷப்பட வாய் திறந்தவன்
அப்படியே மூடிக்கொண்டேன்.
போனது அதன் துடிப்பா,
இல்லை, காலில் தொடங்கியது
இப்போது என் விரலுக்கும் ஏறிவிட்டதா?
என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன்.
இருந்தது, என்றுதான் தோன்றியது.
தோன்றியதை எப்படிப் பலகையில் எழுத?

"ஹைருல், இங்க வா. உன் கைய வை."
காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு வந்தான்.
குந்தினான். வைத்தான்.
இருபத்திரண்டு வயது விரல்கள்.
குதிரை பாரத்தை மாற்றவில்லை,
ஈரப் புல்லை மென்றுகொண்டிருந்தது.
ஏதோ குருவி கத்தி முடிக்கும்வரை
அவன் தலை நிமிரவில்லை.

"தக் அடா, பாக்கியண்ணே," என்றான்.
"இல்ல. ஒண்ணுமே இல்ல."

பலகையில் எழுதினேன்:
ஐந்தேகால். இரண்டு கால். நாடி இல்லை.
தெரியாதவர் படித்தால்
செத்துவிட்டதென்று நினைப்பார்.
பார்த்தவர் என்ற கட்டத்தில்
என் பெயரைப் பாதி எழுதி, அடித்து,
ஹைருல் என்று போட்டேன்.